ஹெட் கோச்சை மாத்தோணுமா? கோவையில் ஒரு ஃபுட்பால் அகாடமி: விமர்சனம்

கோவையின் கிழக்குப் பக்கம் இருக்கிற ஒரு ஃபுட்பால் அகாடமி இது. அதன் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இந்த சீசன் முழுக்கத் தோல்விமேல் தோல்வி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது ஒரே பேச்சுதான்: "ஏனுங்க, இத்தன காசு கட்டிப்போட்டு ஞாயித்துக்கிழமையானா கோல் வாங்கீட்டு வர்றதுக்கா? ஹெட் கோச்ச மாத்தச் சொல்லோணுமுங்க." ஒருவருடைய பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அகாடமியின் பெயரை இங்கே எழுதவில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இவரை சீசன் நடுவில் நீக்கக் கூடாது. ஆனால் அணி வாங்கும் கோல்களில் மூன்று வகைக்கு அவர்தான் பொறுப்பு. அந்த மூன்றையும் சரிசெய்ய எழுத்திலேயே கேட்க வேண்டும்.

புள்ளிப் பட்டியலை வைத்து 14 வயது அணியின் கோச்சை அளக்க முடியாது. இந்த வயதில் ஜனவரியில் பிறந்த பையனுக்கும் டிசம்பரில் பிறந்த பையனுக்கும் உயரத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம் இருக்கும். வளர்ந்த பையன்களைப் பொறுக்கி எடுத்து, பந்தைத் தூக்கி முன்னால் அடித்து ஜெயிக்கும் அணிகள் எல்லா ஊரிலும் உண்டு. வயதைக் குறைத்து ஆடவைப்பதும் நடக்கிறது. அதைப் பிடிக்கத்தான் மணிக்கட்டைப் படமெடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் டி.டபிள்யூ.3 பரிசோதனை இருக்கிறது. இந்த அகாடமியின் கோச் பிறப்புச் சான்றிதழை வாங்கிச் சரிபார்க்கிறார், குள்ளமான பையன்களையும் ஆடவிடுகிறார். சில ஆட்டங்கள் இதனாலேயே கைவிட்டுப் போயிருக்கும். அது அவர்மேல் குற்றம் ஆகாது.

பார்க்க வேண்டியது கோல் எப்படி விழுகிறது என்பதை. இந்த அணி வாங்கும் கோல்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழுகின்றன.

முதல் வகை கார்னர். பந்து கிட்டக் கம்பத்தை, அதாவது கார்னர் அடிக்கும் பக்கத்து கோல் கம்பத்தை, நோக்கி வரும்போது அங்கே நம் ஆள் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு எதிராளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிராளி இரண்டடி வெளியே ஓடினால் இவனும் பின்னாலேயே போய்விடுகிறான், கோல் முன்னால் இடம் காலியாகிறது. இதற்கு வழி சிக்கலானது இல்லை. கிட்டக் கம்பத்தில் ஒருவன் அசையாமல் நிற்க வேண்டும். கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் ஆறு கஜக் கோட்டில் மூன்று பேர் ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காக்க வேண்டும். உயரமான எதிராளிகள் இரண்டு மூன்று பேரை மட்டும் ஆளுக்கு ஆள் பிடித்தால் போதும். "என்னுது" என்று கோல்கீப்பர் சத்தம் போட்டால் மற்றவர்கள் விலக வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், பத்து பத்து நிமிடம், நாளுக்குப் பன்னிரண்டு கார்னர் அடித்துப் பழகினால் ஒன்றரை மாதத்தில் வித்தியாசம் தெரியும். இந்த அகாடமியின் வாரப் பயிற்சியில் கார்னருக்கு என்று ஒதுக்கிய நேரமே இல்லை. இது கோச்சின் குறைதான், வேறு யார்மேலும் போட முடியாது.

இரண்டாம் வகை கடைசிக் கால் மணி நேரத்துக் கோல்கள். இங்கே ஓட்டப் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓடுவது. ஃபுட்பாலில் யாரும் அப்படி ஓடுவதில்லை. பத்து மீட்டர் பாய்ச்சல், நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்ச்சல் என்றுதான் ஆட்டம் போகிறது. அதற்கு உடம்பைப் பழக்க, சின்ன மைதானத்தில் நாலுக்கு நாலு ஆட்டம் வைக்க வேண்டும்: நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு முறை. ஓட்டமும் ஆச்சு, பந்தும் காலில் இருக்கும். மாற்று ஆட்டக்காரர்களைப் பயன்படுத்துவதிலும் குறை இருக்கிறது. வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாம் என்று இளையோர் போட்டிகள் பலவற்றில் விதியே உண்டு. அப்படியிருந்தும் இவர் முதல் மாற்றத்தையே ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் செய்கிறார். அதற்குள் நடுக்களப் பையன்கள் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள்.

மூன்றாவது, கோவைக்கே உரிய விஷயம், காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடப்போனால் இன்னும் மோசம். காற்றுக்கு எதிராக கோல்கீப்பர் தூக்கி அடிக்கும் பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதே இல்லை. எதிரணி நடுக்கள ஆள் காலில் விழுந்து, மூன்று பாஸில் கோலாகிறது. எதிராளி கடைசியாகத் தொட்ட பந்து நம் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால் நாம் அடிப்பது கோல் கிக். 2019-இல் அதன் விதி மாறியது. பந்து பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வர வேண்டிய அவசியம் இப்போது இல்லை, பெட்டிக்குள்ளேயே நம் ஆள் வாங்கிக்கொள்ளலாம். எதிராளிதான் பந்து நகரும்வரை வெளியே நிற்க வேண்டும். நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் பெட்டியின் இடம் வலம் பிரிந்து நின்று, நடுக்கள ஆள் ஒருவன் பெட்டிக்கு முன்னால் இறங்கி வந்தால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. முதலில் இரண்டு எதிராளிகளை வைத்து, பிறகு மூன்று பேரை வைத்துப் பழக்கலாம். ஆரம்பத்தில் பந்தைப் பறிகொடுத்துச் சில கோல்கள் வாங்குவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாஸும் இதில் சேரும். அதே 2019 மாற்றத்தின்படி டாஸ் ஜெயித்தவர் கிக்-ஆஃபையும் எடுக்கலாம், எந்தப் பக்கத்து கோலைத் தாக்குவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். இந்த அணியின் கேப்டன் எப்போதும் கிக்-ஆஃபையே கேட்கிறான். காலை ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டத்தில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடி, கால் சோர்ந்திருக்கும் இரண்டாம் பாதியில் காற்றை முதுகுக்கு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு கேப்டனுக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

நிர்வாகத்தின் பொறுப்பும் சின்னதில்லை. நாற்பது பையன்களுக்கு இருப்பது பதினாலு பந்து. அதிலும் சில நாலாம் நம்பர். இந்த வயதில் ஆட வேண்டியது ஐந்தாம் நம்பர், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். இன்று ஒரு பந்து, நாளைக்கு ஒரு பந்து என்று மாற்றி ஆடினால், வரும் பந்தைக் காலில் அடக்கும் முதல் தொடுதல் நிலைக்காது. பொழுதோட ஆறரை ஆனால் மைதானத்தின் பாதியை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். மிச்சப் பாதியில் நாற்பது பேரை வைத்து யார் வந்தாலும் அணி ஆட்டம் சொல்லித்தர முடியாது. கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர் இல்லை. பரிட்சை மாதத்தில் பாதிப் பேர் வருவதில்லை. கோச்சை மாற்றினாலும் இதில் எதுவும் மாறாது, மாறியதாக நிர்வாகம் சொல்லிக்கொள்ள மட்டும் உதவும்.

ஆனாலும் இருக்கிற வசதிக்குள்ளேயே அவர் செய்யக்கூடிய ஒன்று விட்டுப்போகிறது. ஷூட்டிங் பயிற்சியில் இருபது பேரை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். ஒருவருக்குப் பதினைந்து விநாடி என்றால், ஒரு பையனுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். இருபது நிமிடத்தில் நாலே ஷாட். அதே இருபது பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டு கோலும் கூம்பு வைத்த இரண்டு கோலுமாக நாலு இடத்தில் நடத்தினால், ஆளுக்குப் பதினாறு ஷாட் கிடைக்கும். உதவிப் பயிற்சியாளர் இரண்டு பேர் சும்மா நிற்கிறார்களே, அவர்களிடம் இரண்டு குழுக்களைக் கொடுக்கலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறையை வரிசை மாறாமல் செய்ய வைக்கிறார்: எட்டு நிமிட மெல்லோட்டம், பத்து நிமிட வலு, சமநிலை, தாவல் பயிற்சி, கடைசி இரண்டு நிமிட வேக ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது செய்தால் காயம் கணிசமாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோவையின் கெட்டியான செம்மண் மைதானங்களில் முட்டிக்கும் கணுக்காலுக்கும் இதைவிடப் பெரிய காப்பு கிடையாது. நீளக் குமிழ் வைத்த பூட்ஸை அந்த மண்ணில் போட விடுவதில்லை. டர்ஃப் ஷூதான் போடச் சொல்கிறார், அதுவும் சரி. தலையில் அடிபட்ட பையனை அன்றைக்கு மறுபடி இறக்குவதில்லை. தோற்ற அன்றைக்கும் யாரையும் கூட்டத்தின் நடுவில் நிறுத்தித் திட்டுவதில்லை, "பரவால்ல கண்ணு, தண்ணி குடி" என்றுதான் குரல் கேட்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளைக் காலையில் நேரமே எழுந்து மைதானத்துக்கு வரவைப்பது இந்தக் குணம்தான். இது தலைகீழாக இருந்திருந்தால், அதாவது அடிபட்டவனை ஆடவைப்பவர், கை நீட்டுபவர் என்றால், அணி முதலிடத்தில் இருந்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்பச் சொல்லியிருப்போம்.

"மாத்துனா மாறும்" என்பவர்கள் சென்னையின் எஃப்.சி.யைக் காட்டுகிறார்கள். நியாயமான உதாரணம்தான். 2017-18-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கித்தந்த கோச் ஜான் கிரிகரியின் கீழ் அடுத்த சீசனில் அணி கடைசி இடத்துக்குப் போனது. அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். 2019-20-இல் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட இல்லை. நவம்பர் முடிவில் அவர் விலக, ஓவன் காய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களோடு அணி இறுதிப் போட்டி வரை போய், கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. அங்கே வால்ஸ்கிஸ் போன்ற கோலடிக்கும் ஆள் ஏற்கெனவே அணியில் இருந்தார். கெட்டுப்போயிருந்தது ஆட்டமுறை, அதை மாற்ற முடிந்தது.

நம் நேரு ஸ்டேடியத்தில் நடந்தது வேறு கதை. கோவையைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18-இல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் எட்டாமிடம். அடுத்த சீசனிலேயே அக்பர் நவாஸ் பயிற்சியில் சாம்பியன். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை இங்கேயே 3-1 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. ஆனால் கோச் மட்டுமா மாறினார்? ஸ்பெயினிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள், பெத்ரோ மான்சி ஒருவரே 21 கோல் அடித்தார். அதில் கோச்சின் பங்கு எவ்வளவு, பணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நம் அகாடமி ஸ்பெயினிலிருந்து யாரையும் கொண்டுவரப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக் ஆட்டங்களை பாஸ் டெர் வேல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். கோச்சை நீக்கிய கிளப்புகள் அதன்பின் முன்னேறின, உண்மைதான். ஆனால் அதேபோல சரிந்தும் கோச்சை நீக்காமல் விட்ட கிளப்புகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறின. தொடர்ந்து தோற்கும் அணி பெரும்பாலும் தன் உண்மையான தரத்துக்கும் கீழே ஆடிக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளில் தானாகவே மேலே வரும். அந்த நேரத்தில் வந்த புது கோச்சுக்குப் பேர் கிடைக்கிறது.

எனவே பெற்றோர் கூடிப் பேசி நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டிய கடிதத்தில் இவை இருக்கட்டும்: கார்னருக்கு வாரம் இரண்டு முறை பயிற்சி, இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடத்துக்குள் முதல் மாற்றம், குட்டை கோல் கிக், ஆறரைக்குப் பிறகும் முழு மைதானம், இரண்டு பேருக்கு ஒன்றாவது ஐந்தாம் நம்பர் பந்து. எட்டு வாரம் கெடு. முதல் மூன்றில் அசைவே இல்லை என்றால் சீசன் முடிந்ததும் வேறு ஹெட் கோச்சைத் தேடச் சொல்வது நியாயம். அப்படி வருபவரின் லைசென்ஸைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டி, அதற்கு மேல் சி, பி, ஏ, புரோ என்று படி ஏறுகிறது. 14 வயது அணிக்கு ஹெட் கோச் என்றால் சி-யாவது வைத்திருக்கட்டும்.

எங்கள் மதிப்பெண்: பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் நடத்தும் விதத்துக்கும் ஐந்துக்கு நாலரை, பயிற்சித் திட்டத்துக்கு இரண்டரை, மைதானம், பந்து, நிர்வாகத்துக்கு இரண்டு. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாமுங்க. வார நாளில் ஒரு பொழுதோட போய் ஓரமாக நின்று உங்கள் பையன் ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை பந்தைத் தொடுகிறான், ஆறரைக்கு மேல் எத்தனை பேர் எவ்வளவு இடத்தில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்தை முடிவு செய்யுங்கள்.