ஜீப்புக்குப் பின்னால் பூட்டும் இரண்டு அங்குலக் கொழுவி: வன்னி வீதிகளில் எது தாங்கும், எவ்வளவு இழுக்கலாம்

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் என்றால் பைபர் படகு. கோடை முற்றினால் தண்ணீர்த் தாங்கி. அறுவடைக் காலத்தில் நெல் மூடை. பிராடோவும் மொண்டெரோவும் லாண்ட் குறூசரும் வன்னியில் ஆட்களை ஏற்றுவதோடு இந்த இழுவை வேலையையும் செய்கின்றன. பின்னால் பூட்டும் கொழுவி மூன்று வகை: ஒட்டுக்கடையில் சட்டம் வெட்டி ஒட்டித் தருவது, தடித்த தகட்டில் இரண்டு அல்லது நான்கு போல்ட் போட்டு உருண்டையைப் பூட்டும் ஐரோப்பிய வகை, இரண்டு அங்குலச் சதுரக் குழாய்க்குள் உருண்டை பூட்டிய ஒரு நாக்கைச் செருகி ஆணியால் பூட்டும் வகை. இந்த மதிப்பீடு மூன்றாவதைப் பற்றியது.

எங்கள் வீதிகளுக்கு அதுவே பொருத்தம். காரணம், நாக்கைக் கழற்றி வைக்கலாம். நிரந்தரமாகத் தொங்கும் கொழுவி குளக்கட்டு ஏறும்போதும் கிரவல் வீதியின் பள்ளங்களில் இறங்கும்போதும் நிலத்தில் இடிக்கும். இடித்த கொழுவி அன்றைக்கு உடையாது. சேஸியோடு சேரும் இடத்தில் வெடிப்பு விட்டு, பாரம் கூடிய ஒரு நாளில்தான் காட்டும். அடுத்த நன்மை உயரம். சஸ்பென்சன் உயர்த்திய ஜீப்பில் உருண்டை மேலே நிற்க, ட்ரெயிலரின் மூக்கு வானத்தைப் பார்க்கும். கீழிறங்கிய நாக்கு ஒன்றை வாங்கிப் போட்டால் ட்ரெயிலர் மட்டமாக ஓடும்.

குறை சத்தம். குழாய்க்கும் நாக்குக்கும் இடையில் கொஞ்சம் வெளி இருந்தே தீரும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது தட்ட, 16 மி.மீ. ஆணி போகும் துளை மெல்ல மெல்ல முட்டை வடிவமாகிவிடும். நாக்கை இறுக்கிப் பிடிக்கும் யூ வடிவப் பட்டியும் இரண்டு நட்டும் தனியாகக் கிடைக்கும்; கொழுவி வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள். துளை ஒன்றரை மி.மீ. அளவுக்கு நீண்டுவிட்டால் நாக்கை மாற்ற வேண்டும். துளையை ஒட்டி நிரப்பித் திரும்பத் துளைப்பது வேண்டாம்.

இனி முக்கியமான விடயம். கொழுவியில் 3500 கிலோ என்று அடித்திருக்கும். அது அந்த இரும்பின் தாங்குசக்தி மட்டுமே, ஜீப்பின் அளவு வேறு. லாண்ட் குறூசர் 200, 300 இரண்டும் 3500 கிலோ இழுக்கும். பஜேரோ என்றும் பெயர் உள்ள கடைசித் தலைமுறை மொண்டெரோவுக்கு அவுஸ்திரேலியாவில் கொடுத்த அளவு 3000 கிலோ. பிராடோ 150 எஞ்சினையும் விற்ற நாட்டையும் பொறுத்து 2500 அல்லது 3000. ஆனால் இந்த எண்கள் எல்லாம் பிறேக் உள்ள ட்ரெயிலருக்கு உரியவை. பிறேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்: 750 கிலோ. வன்னியில் ஒட்டுக்கடைகளில் செய்யும் ட்ரெயிலர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறேக் கிடையாது. ஆகவே கொழுவியில் எதை அடித்திருந்தாலும் உங்கள் அளவு 750. இதில் ட்ரெயிலரின் சொந்தப் பாரமும் அடங்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 1000 கிலோ; ட்ரெயிலர் 300 கிலோ என்றால் மொத்தம் 1300. பிறேக் இல்லாமல் அதை இழுக்கக் கூடாது. ஐந்நூறு லீற்றர் தண்ணீரும், வெறும் தாங்கியோடு சேர்த்து 250 கிலோவுக்கு மேற்படாத ட்ரெயிலரும்தான் எல்லை. நெல் என்றால் 250 கிலோ ட்ரெயிலரில் 60 கிலோ மூடை எட்டோடு நிறுத்த வேண்டும். ஆயிரம் லீற்றர் தாங்கியில் அரைவாசி நிரப்பினால் பாரம் சரிவரும் என்பது பாதி உண்மை. அரைத் தாங்கித் தண்ணீர் பிறேக் அடிக்கும்போது முன்னுக்கும், வளையும்போது பக்கத்துக்கும் பாய்ந்து ட்ரெயிலரை உலுக்கும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் சிறிய தாங்கியை முழுதாக நிரப்புவதே நல்லது.

லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியை ஜீப்பில் கொழுவுவது ஆபத்து. அந்தப் பெட்டியின் பிறேக், முன் இருக்கையில் இருப்பவர் காலால் மிதிப்பது. ஜீப்பில் கொழுவியதும் அந்த இருக்கை காலி, மிதிக்க ஆளில்லை. அதன் ஆணிக் கொழுவியும் பெட்டி பக்கவாட்டில் சரியும்போது கூடவே திரும்பிக் கொடுக்காது, ஆணியை முறுக்கும். லாண்ட்மாஸ்டரின் வேகத்துக்கு அது போதும், ஏ9 வீதியில் ஜீப் ஓடும் வேகத்துக்குப் போதாது. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளையும், தார் வீதியில் காயப் பரப்பிய நெல்லையும் நினைத்துப் பாருங்கள். நெல்லின் மேல் பிறேக் பிடித்தால் ரயர் வழுக்கும். பின்னாலிருந்து 1300 கிலோ தள்ளினால் ஜீப்பின் வால் பக்கவாட்டில் போய்விடும். 750ஐத் தாண்ட வேண்டியவர்கள், ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிறேக் பூட்டிய அச்சுக்குச் செலவு செய்ய வேண்டும். கொழுவிக்குச் செய்யும் செலவைவிட அது பயனுள்ளது.

உருண்டையின் மேல் அழுத்தும் பாரம் இன்னொரு கணக்கு. ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒன்று அளவு இருக்க வேண்டும்: 700 கிலோவுக்கு 70. குறைந்தால் வேகத்தில் ட்ரெயிலர் வாலாட்டும்; கூடினால் ஜீப்பின் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் பிடிக்காது. மொண்டெரோவில் 2500 கிலோ வரை இழுக்கும்போது 250 கிலோ தாங்கலாம், அதற்கு மேல் 180தான். பாரம் கூடக் கூட இந்த அளவு இறங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பாரம் ஜீப்பில் ஏற்றிய ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்துதான் கணக்கு. அளப்பதற்கு நெல் நிறுக்கும் மேடைத் தராசு போதும்: சாமான் ஏற்றிய ட்ரெயிலரை மட்டமான தரையில் விட்டு, சில்லுக்குக் கட்டை கொடுத்து, கப்ளிங்கை (உருண்டையைக் கவ்வும் ட்ரெயிலர் மூக்கு) உருண்டையின் உயரத்தில் ஒரு மரக்குற்றியின் மேல் வைத்து, குற்றியைத் தராசில் நிறுத்துங்கள். காட்டும் எண்ணில் குற்றியின் பாரத்தைக் கழிக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் தாங்கியை அச்சுக்கு முன்பின்னாக நகர்த்தலாம்.

தேய்மானத்துக்கு வருவோம். உருண்டை 50 மி.மீ. வேர்னியரால் வாகனம் ஓடும் திசையில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை அளக்க வேண்டும். இழுக்கும்போது கப்ளிங் உருண்டையின் முன்பக்கத்தையும், பிறேக் அடிக்கும்போது பின்பக்கத்தையும் தேய்ப்பதால் குறுக்களவு நன்றாக இருக்கும், நீட்டு அளவு குறைந்திருக்கும். எந்த இடத்திலாவது 49 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் காட்டினால் உருண்டையை மாற்ற வேண்டும். இங்கே அது விரைவாகத் தேயக் காரணம் கிரவல் தூசு. கிறீஸில் தூசு ஒட்டினால் அது அரைக்கும் பசைதான். ஒவ்வொரு தடவையும் கொழுவுவதற்கு முன் பழைய கிறீஸை மண்ணெண்ணெய்த் துணியால் முற்றாகத் துடைத்து, புதிதாக மெல்லியதாகப் பூச வேண்டும். இழுக்காத நேரம் பழைய ரியூப் துண்டால் உருண்டையை மூடிவிடலாம்.

அளவு மாறிப் போவது தேய்மானத்தைவிட மோசம். அமெரிக்க உருண்டை 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ.; சிறியது 47.6. ஐம்பது கப்ளிங்குக்குள் 47.6 உருண்டை இலேசாகப் போய்ப் பூட்டியது போலவே இருக்கும், முதல் பெரிய பள்ளத்தில் கழன்று வரும். எண்ணைப் படித்து வாங்குங்கள். பூட்டியபின் ஒரு சோதனை உண்டு: ட்ரெயிலரின் மூக்கை ஜக்கால் தூக்கினால் ஜீப்பின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். கப்ளிங் மட்டும் எழுந்தால் அதற்குள்ளே உருண்டையைப் பிடிக்கும் பகுதி தேய்ந்திருக்கிறது. அடியில் இறுக்கும் நட்டு உள்ள கப்ளிங்கை ஒரு தரம் இறுக்கிப் பார்க்கலாம்; அப்போதும் எழுந்தால் எறிந்துவிடுங்கள்.

உருண்டையின் அடி நட்டு தளர்வது அடுத்த வழக்கமான பிழை. உருண்டைக்குக் கீழே நட்டுப் பூட்டும் தண்டு முக்கால் அங்குலம் என்றால் அதற்கு 217, ஒரு அங்குலத் தண்டுக்கு 339 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். இறுக்கத்தை அளக்கும் ரொர்க் சாவி இல்லாத கராஜில், நட்டிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் முறையே 22 கிலோ, 35 கிலோ அழுத்தம் ஏறத்தாழச் சரிவரும். வாசருக்குக் கீழ் பெயின்ற் இருந்தால் அது நசிந்து நட்டு இளகும், சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஒரு தடவை போய் வந்ததும் திரும்பச் சோதியுங்கள். தண்டை நாக்கோடு ஒட்டிவிட்டால் கழராது என்று சில கடைகளில் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒட்டும் சூடு உருக்கின் பதத்தைக் கெடுத்து, ஒட்டின் ஓரத்தில் வெடிக்க வைக்கும்.

ஒட்டுக்கடைக் கொழுவிதான் வேண்டும் என்றால், அது பம்பர் தாங்கியில் பிடித்திருக்கிறதா, சேஸியின் இரு பக்கச் சட்டங்களிலும் 8.8 தர போல்டால் பூட்டியிருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். பம்பரில் பிடித்தது எதையும் இழுக்கத் தகாது. ஒட்டின் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு ஓடினால் அது வெடிப்பு.

படகு இறக்குபவர்களுக்கு: தண்ணீருக்குள் பின்னடிக்க முன் லைற் பிளக்கைக் கழற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் சதுரக் குழாயின் உள்ளேயும் நல்ல தண்ணீர் அடித்து, காய்ந்தபின் நாக்கிலும் ஆணியிலும் கிறீஸ் பூச வேண்டும். உப்போடு விட்டால் ஒரு மாரிக்குள் நாக்கு குழாயோடு இறுகிவிடும். பிறகு சம்மட்டியால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போட்டால், கழன்ற மூக்கு நிலத்தில் குத்தாமல் சங்கிலியில் விழும். ஆணியைப் பிடிக்கும் சிறு கிளிப் அடிக்கடி தொலையும் சாமான், ஜீப்புக்குள் இரண்டு கூடுதலாகக் கிடக்கட்டும். அதன் இடத்தில் கம்பி முறுக்கிக்கொண்டு வீதிக்கு இறங்காதீர்கள்.