ஜாவாவில் நிகழ்வுத் தொடரைப் பிடிக்க எஸ்பரா, ஃப்ளிங்கா?

ஒரு கார்டில் 1 ரூபாய்ச் செலவு. அடுத்த 10 நிமிடத்துக்குள் அதே கார்டில் 50,000 ரூபாய்ச் செலவு. திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள் விட்டுச்செல்லும் தடம் இது. வந்துகொண்டே இருக்கும் நிகழ்வுகளில் இப்படிப்பட்ட தொடர்களைத் தேடும் கருவிகள்தான் எஸ்பரும் ஃப்ளிங்கும். இதைப் பிடிக்கும் விதியை எந்தக் கருவியிலும் நாலைந்து வரியில் எழுதிவிடலாம். அதனால் சின்டாக்ஸை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 10 நிமிடத்தை எந்தக் கடிகாரம் எண்ணுகிறது (செலவு நடந்த நேரமா, தகவல் வந்துசேர்ந்த நேரமா), பாதி பொருந்திய தொடர்கள் எங்கே தங்குகின்றன என்று பாருங்கள்.

எஸ்பருக்குத் தனி சர்வர் வேண்டாம். உங்கள் ஜாவா நிரல் ஓடும் ஜேவிஎம்முக்குள்ளேயே ஓடும் லைப்ரரி. விதிகளை ஈபிஎல் என்ற எஸ்க்யூஎல் சாயல் மொழியில் எழுத வேண்டும். 8ஆம் பதிப்பில் அது ஜேவிஎம் ஓட்டும் பைட்கோடாகவே கம்பைல் ஆகிறது. வழுக்கும் இடம் அடைப்புக்குறி. ஏ என்பது 1 ரூபாய்ச் செலவு, பி என்பது பெரிய செலவு, அம்புக்குறி ‘அதன் பிறகு’, விதின் என்பது கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எவ்ரி ஏ -> பி வேர் டைமர்:விதின்(10 மின்)’ என்றால் ஏ வந்த நொடியிலிருந்து கெடு ஓடும். ‘ஏ -> பி’ முழுவதையும் அடைப்புக்குள் போட்டு விதினை வெளியே வைத்தால், ஏ வருமுன்பே கெடு ஓடத் தொடங்கிவிடும். விதினையே விட்டுவிட்டால் ஒவ்வொரு 1 ரூபாய்ச் செலவும் ஜோடிக்காக ஹீப்பில் (ஜேவிஎம்மின் மெமரியில்) காத்துக் கிடக்கும். மெமரி நிரம்பும்வரை தெரியாது. லைசென்ஸ் ஜிபிஎல் 2; மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்கச் சொல்வது. மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஃப்ளிங்கில் தொடர்களைத் தேடும் பகுதியான சிஇபிக்குக் கிளஸ்டர், அதாவது சேர்ந்து இயங்கும் மெஷின்கள் வேண்டும். விதியை மாற்றினால் பொதுவாக அப்போதைய நிலையை சேவ்பாயிண்டாகச் சேமித்து, ஓடும் ஜாபை மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் பாதி பொருந்திய தொடர்கள் செக்பாயிண்டில் (அவ்வப்போது தானாகச் சேமிக்கும் நகலில்) இருப்பதால், மெஷின் விழுந்தாலும் பிழைக்கும். ‘நெக்ஸ்ட்’ போட்டால் நடுவே ஒரு டீக்கடைச் செலவு வந்தாலும் தொடர் அறுந்துவிடும்; இங்கே ‘ஃபாலோடுபை’தான் சரி. ‘இந்த நேரம்வரை எல்லாம் வந்துவிட்டது’ என்று ஃப்ளிங்க் வைக்கும் குறிதான் வாட்டர்மார்க். நிகழ்வுகளை அனுப்பும் காஃப்காவில் ஒரு பார்ட்டிஷன் (பிரிவு) சும்மா கிடந்தால் வாட்டர்மார்க் நகராது, மோசடி எச்சரிக்கையும் வராது. சும்மா கிடக்கும் பிரிவைக் கணக்கில் எடுக்காமல் விடும் ‘வித்ஐடில்னஸ்’ போட மறக்காதீர்கள்.

இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘சித்தி’ என்ற கருவி, கட்டுப்பாடு குறைந்த அப்பாச்சி 2.0 லைசென்ஸில் எஸ்பர் போலவே உள்ளே பதித்து ஓட்டக்கூடியது. ட்ரூல்ஸ் என்ற விதி எஞ்சினின் நிகழ்வுப் பகுதியான ஃப்யூஷனை எடுப்பவர்கள் ஸ்ட்ரீம் மோடுக்கு மாற்ற வேண்டும். இயல்பாக இருக்கும் கிளவுட் மோடில் பழைய நிகழ்வுகள் தாமாக அழியாது.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை. 9:00:20 மணியின் பெரிய செலவை முதலில் அனுப்புங்கள். சில நொடி கழித்து 9:00:00 மணியின் 1 ரூபாயை அனுப்புங்கள். வந்த வரிசையிலேயே பார்க்கும் எஸ்பர் பேசாது. ஃப்ளிங்கில் தாமத வரம்பு 5 நொடி என்றால் 1 ரூபாய் தூக்கி எறியப்படும். 30 நொடி என்றால் வரிசைப்படுத்திப் பிடித்துவிடும், ஆனால் எச்சரிக்கை வர 9:00:50ஐத் தாண்டிய ஒரு நிகழ்வு வந்தாக வேண்டும்.