ஃபேஸ்புக் முகப்புப் பக்கம்: கோபத்துக்கு ஐந்து மடங்கு மதிப்பு

ஃபேஸ்புக்கைத் திறந்தவுடன் வரும் முகப்புப் பக்கத்தை நண்பர்களின் செய்திப் பலகை என்று எண்ணிப் பழகிவிட்டோம். எந்தப் பதிவு முதலில் வர வேண்டும் என்பதை, பதிவுகளை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் ஒரு கணினிக் கணக்கு (அல்காரிதம்) முடிவு செய்கிறது. எனவே இந்தச் சேவையை மதிப்பிடுவதென்றால் அந்தக் கணக்கைத்தான் மதிப்பிட வேண்டும்.

2016 பிப்ரவரியில் லைக்குடன் அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் ஆகிய குறிகளும் சேர்ந்தன. அடுத்த ஆண்டிலிருந்து இந்தக் குறிகளில் ஒவ்வொன்றும் ஒரு பதிவை முன்னே கொண்டுவருவதில் ஐந்து லைக்குகளுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது என்பதை, 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களின் வழியாகவே உலகம் அறிந்தது. வெறுப்பைப் பரப்பும் பதிவைக் கண்டு மனம் கொதித்துக் கோபக் குறி இட்டவரும், தாம் எதிர்த்த அந்தப் பதிவையே இன்னும் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பிழை. கோபம் நியாயமானதா, தூண்டிவிடப்பட்டதா என்று பிரித்தறியும் திறன் அந்தக் கணக்குக்கு இல்லை.

‘உண்மையான மக்கள்’ ஒருபுறம், அவர்களை வஞ்சிக்கும் மேட்டுக்குடியினர் மறுபுறம் என்று நாட்டையே இரண்டாகப் பிரித்துப் பேசும் வெகுஜனவாத அரசியலுக்கு இதைவிட வாய்ப்பான மேடை அமையாது. 2018 ஜனவரியில் கருத்துகளுக்கும் பகிர்வுகளுக்கும் கூடுதல் மதிப்பு தரும்படி கணக்கு மாற்றப்பட்ட பிறகு, போலந்தில் ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழு, பாதிக்குப் பாதியாக இருந்த தன் எதிர்மறைப் பதிவுகள் 80 சதவீதமாகிவிட்டன என்றும், அதற்கு அந்த மாற்றமே காரணம் என்றும் கூறியதாக ஃபேஸ்புக்கின் உள் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. வாக்காளரிடம் திட்டங்களை விளக்கிப் பேச வேண்டிய கட்சி, பழிப்பதற்கே தன் உழைப்பைச் செலவிடும் நிலைக்கு வந்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

2020 செப்டம்பரில் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்ச் செய்திகளும் மனத்தை உலுக்கும் பதிவுகளும் குறைந்தன. பயனர்களின் பயன்பாடு குறையவில்லை. அப்படியென்றால் இடைப்பட்ட ஆண்டுகளின் கேடு தவிர்த்திருக்கக்கூடியது என்றே நான் கருதுகிறேன்.

2022 ஜூலையில் வந்த ‘ஃபீட்ஸ்’ என்ற தனிப் பிரிவு, நண்பர்களின் பதிவுகளையும் நாம் பின்தொடரும் பக்கங்களின் பதிவுகளையும் கால வரிசையில் காட்டுகிறது. அந்தப் பிரிவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் நாமாகத் தேடிப் போனால்தான் அது கிடைக்கிறது. செயலியைத் திறந்ததும் எதிரே நிற்பது கணக்கிட்டு அடுக்கிய முகப்புப் பக்கமே என்பதால், ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்களுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை.