ஐந்தாம் ஈத்தில் வாங்கிய பசு: மூன்று ஆண்டுக் கறவை அனுபவம்

வீட்டுத் தேவைக்குப் பசு தேடும் நண்பர் ஒருவர், ஐந்தாம் ஈத்து மாடு, அதாவது ஐந்தாம் முறை கன்று ஈன்ற மாடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும் அதை வாங்கலாமா என்றும் சென்ற வாரம் கேட்டார். அன்று காலைதான் ஒரு வேளைப் பாலை முழுவதும் குழியில் கொட்டிவிட்டு வந்திருந்தேன்; அந்தக் கோபத்தோடு பேச விரும்பாமல், எழுதித் தருகிறேன் என்றேன். என் பசுவையும் எட்டுப் பல்லும் போட்டு, பல் தேயத் தொடங்கிய ஐந்தாம் ஈத்தில்தான் வாங்கினேன். எங்களிடம் இரண்டு கன்று ஈன்று, இப்போது ஏழாம் ஈத்துக் கறவையில் இருக்கிறது.

இந்த மூன்று ஆண்டுகளில் என்னை விடாமல் வருத்துவது அதன் மடி. மடியை உடலோடு தாங்கிப் பிடிக்கும் தசைநார் ஒவ்வோர் ஈத்திலும் தளர்ந்துகொண்டே வரும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. வாங்கிய அன்று மடி திரண்டு அழகாக இருந்தது. முந்தைய மாலை கறக்காமல் விட்டிருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. இன்று காம்பு நுனிகள் பின்னங்கால் முட்டுக்குக் கீழே தொங்குகின்றன. வாளி அடியில் நுழையாததால், ஆழமில்லாத பாத்திரத்தை ஒரு கையில் ஏந்தி மறு கையால் கறக்கிறேன். படுத்து எழும்போது தன் குளம்பாலேயே காம்பை மிதித்துக்கொள்கிறது; சாணமும் ஈரமும் காம்பு நுனியை விட்டு நீங்குவதே இல்லை. வயதான மாட்டில் காம்புத் துவாரமும் தளர்ந்திருப்பதால், கிருமி புகுந்து மடி வீங்கும் மடிநோய் வலப்பக்கப் பின்காம்பில் மட்டும் மூன்று முறை வந்துவிட்டது. மொத்தப் பாலில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்மடியில்தான் சுரக்கும் என்பதால் இந்த இழப்பு சிறியதன்று. மருந்து செலுத்திய பிறகு, அது பாலில் கலந்து வரும் நாட்கள் முடியும்வரை நல்ல காம்புகளின் பாலையும் சேர்த்தே கொட்ட வேண்டியிருக்கிறது. கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் தோய்த்து, துவாரம் மூடிக்கொள்ளும்வரை அரை மணி நேரமாவது படுக்காமலிருக்கத் தீவனம் வைக்கிறேன். படுக்கைக்கு மணல் பரப்பிய பின்னர் நோய் ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை.

ஆயினும் இந்தப் பசுவின் குணத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு நா எழாது. கறக்கவே தெரியாமல் இதன் பக்கத்தில் முதன்முதலாக உட்கார்ந்தவன் நான். காலைக் கட்டியதில்லை, கன்றை விட்டு ஊட்டாமலே, மடியைக் கழுவித் துடைத்ததும் பால் இறக்கிவிடும். பாலை இறக்கும் ஆக்சிடோசின் சில நிமிடங்களே வேலை செய்யும் என்பதால் கைவந்தவர்கள் அதற்குள் கறந்துவிடுவார்கள். எனக்கோ தொடக்கத்தில் இருபது நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் அசைபோட்டபடி நின்று, என் கை பழகும்வரை பொறுத்தது. தலையீற்றுக் கிடாரியாக இருந்திருந்தால் அதுவும் மிரண்டு, நானும் ஒரு மாதத்தில் கறவையையே கைவிட்டிருப்பேன். இதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.

நண்பர் அறிய வேண்டிய இன்னொன்று பால் காய்ச்சல். பெயர் காய்ச்சல் என்றாலும் உடல் சுடாது. ஏழாம் கன்று ஈன்ற மறுநாள் விடியலில், காதுகள் சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்த பசு எழவே இல்லை. சீம்பாலுக்குத் திடீரெனத் தேவைப்படும் சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து விரைந்து எடுக்கும் திறன் வயதான மாட்டுக்குக் குறைந்துவிடுகிறது. மருத்துவர் வந்து கால்சியம் மருந்தை, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே, நரம்பில் மெல்ல ஏற்றினார். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றது. ஈனும் முன் கறவையை நிறுத்திவைக்கும் வற்றுக் காலம் முழுவதும், வலுவூட்டுவதாக எண்ணி, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் பசுந்தீவனத்தை அள்ளிப் போட்டது என் பிழை என்று அவர்தான் விளக்கினார்: ஈனும் முன் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடல் சோம்பிப் போக விட்டுவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு முறை காண நான் விரும்பவில்லை.

நண்பருக்கு என் விடை, வாங்க வேண்டாம் என்பதே. குணம் எவ்வளவு தங்கமாக இருந்தாலும் மூன்றாம் ஈத்துக்கு மேல் போக வேண்டாம். மனம் கேட்காமல் அந்த மாட்டையே நாடினால், மாலைக் கறவைக்கு நேரில் சென்று மடி வற்றக் கறப்பதைப் பார்க்கட்டும். மறுநாள் காலையும் சென்று, நான்கு காம்பிலும் தம் கையாலேயே முதற்பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சி, மடிநோயின் அடையாளமாகத் திரிதிரியாக ஏதும் தங்குகிறதா என்று பார்க்கட்டும். பிறகு சற்றுத் தள்ளிப் பின்புறமாக நின்று மடியின் உயரத்தைப் பார்க்கட்டும். காம்பு நுனி முட்டுக்குக் கீழே இருந்தால், அது எத்தனை சாதுவான மாடானாலும், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடட்டும்.