ஈக்கருவின் ஓடு உரிக்க 5 லிட்டர் ப்ளீச் கேன்: புதுச்சேரியில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் 5 லிட்டர் வேண்டாம். பழ ஈக் கருவில் செல் இணைப்புகளைச் சாயமேற்றிப் பார்ப்பவர்களுக்கு, இங்குள்ள ஆய்வகப் பொருள் கடைகளில் வரும் 4% சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) தாராளமாகப் போதும். புதிதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பார்த்த கேனில் தயாரிப்புத் தேதியே இல்லை. வெயிலும் வெக்கையும் பட்டால் இதன் குளோரின் வேகமாகக் குறையும். நம் ஊர் மே மாதத்தில் அது பெரிய குறை.

சோதிப்பது எளிது. சமபங்கு தண்ணீர் கலந்து, வலைக்கூடையில் முட்டைகளை விட்டு லென்ஸில் பாருங்கள். முட்டையின் முன்முனையில் மயிரிழை போல இரண்டு கொம்புகள் நீண்டிருக்கும். நல்ல ப்ளீச்சில் இரண்டே நிமிடத்தில் அவை கரைந்து, முட்டை பளபளப்பாகும். நான்கு நிமிடம் ஆகியும் கொம்பு நின்றால் புட்டியை ஒதுக்குங்கள். ஓடு மிச்சமிருந்தால் அடுத்த கட்டத்தில், ஓட்டுக்கு அடியில் கருவைச் சுற்றியிருக்கும் விட்டலின் சவ்வு கழலாது, சாயமேற்றப் பயன்படும் எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) உள்ளே போகாது. அதற்காக நேரத்தை இழுத்தால் சவ்வு நைந்து கரு பிதுங்கிவிடும். பிறகு தண்ணீரில் குளோரின் வாடை போகும்வரை அலசுங்கள்.

இந்த இரண்டு நிமிடத்தில் காப்பாற்ற வேண்டியது மிக நுணுக்கமான கட்டம். 13 உட்கருப் பிளவுகள் முடிந்ததும், விளிம்பில் சுமார் 6,000 உட்கருக்களுக்கு நடுவே சவ்வு உள்ளிறங்கி ஒவ்வொன்றையும் தனிச் செல்லாக்கும். இறங்கும் முனைக்குச் சற்று மேலே தற்காலிக அடி இணைப்பு அமையும். மேல்பக்கம், பசூகா புரதம் இருக்கும் இடத்தில் செல்களை ஒட்டவைக்கும் இணைப்புப் புரதங்களான ஈ-கேட்ஹெரினும் (E-cadherin) ஆர்மடில்லோவும் புள்ளி புள்ளியாகத் திரளும். அவை பின்னரே செல்லைச் சுற்றிய பட்டையாகும். 25 டிகிரியில் ஒரு மணி நேரம் முட்டையிட விட்டு, இரண்டு மணி நேரம் வைத்தால் இக்கட்டம் கிடைக்கும். ஏசி இல்லாத அறையில் இந்தக் கணக்கு தவறும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்களும் மலடாகும்.

ஆர்மடில்லோவைச் சாயமேற்றிப் பார்க்க, கருவை அப்படியே நிலைப்படுத்தும் கொதிநீர் முறையே எங்கள் தேர்வு. 0.4% உப்பும் 0.03% ட்ரைட்டானும் (சோப்பு போன்ற பொருள்) கலந்த கொதிநீரில் 10 விநாடி, உடனே மூன்று மடங்கு பனிக்குளிர் உப்புநீர். பின் ஹெப்டேன், மெத்தனால் சமபங்கில் உலுக்கி, சவ்வு கழன்று மூழ்கிய கருக்களை மட்டும் எடுங்கள். ஆக்டின் புரதத்தைப் பார்க்க ஃபாலாய்டின் சாயம் போடுவதாக இருந்தால் இந்த வழி உதவாது. மெத்தனால் பட்டால் அது ஒட்டாது.

500 மி.லி. புட்டியாகக் கேளுங்கள். பழுப்புப் புட்டி, குளிர்ப்பெட்டி, திறந்த தேதி எழுதிய சீட்டு. கரைசலை அன்றன்றே கலந்துகொள்ளுங்கள்.