பிக் பீட்டின் நான்கு முதல் ஆல்பங்கள்: எந்த சிடியை முதலில் வாங்கலாம்?

பிக் பீட் 12 அங்குல வினைல் சிங்கிளுக்காகப் பிறந்த மின்னணு நடன இசை. ஹிப் ஹாப்பிலிருந்து வெட்டியெடுத்த டிரம்ஸை நசுக்கி ஊதிப் பெரிதாக்குவார்கள். மேலே ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் இசையின் கீச்சொலி, அடியில் ராக் கிடார் மாதிரி உறுமும் பேஸ். டிஜே அதை ஆறு நிமிடம் ஓட்டுவார், கூட்டம் குதிக்கும், அலுப்பதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். அதே ஆட்கள் ஒரு முழு ஆல்பம் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. சிடியில் 74 நிமிடம் இடம் இருக்கிறது. வீட்டில் கேட்பவருக்குக் கூட்டமும் இல்லை, இருட்டும் இல்லை. அதனால் இந்த வகையின் முதல் ஆல்பங்களை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: பிளேயை அழுத்தினால் கடைசி வரை கை ரிமோட்டைத் தேடாமல் இருக்கிறதா?

கெமிக்கல் பிரதர்ஸின் 'எக்ஸிட் பிளானட் டஸ்ட்' (1995), ஃபேட்பாய் ஸ்லிமின் 'பெட்டர் லிவிங் த்ரூ கெமிஸ்ட்ரி' (1996), கிறிஸ்டல் மெத்தட்டின் 'வேகஸ்' (1997), ப்ரொபெல்லர்ஹெட்ஸின் 'டெக்ஸ்அண்ட்டிரம்ஸ்அண்ட்ராக்அண்ட்ரோல்' (1998). இந்த நான்குக்குள்தான் போட்டி. பென்ட்லி ரிதம் ஏஸ், லோ ஃபிடிலிட்டி ஆல்ஸ்டார்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்.

முதலில் கெமிக்கல் பிரதர்ஸ். டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போய் நண்பர்கள் ஆனவர்கள். ஆரம்பத்தில் 'டஸ்ட் பிரதர்ஸ்' என்ற பெயரில் வாசித்தார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு தயாரிப்பாளர் ஜோடி இருந்தது. ராப் குழுவான பீஸ்டி பாய்ஸுக்கு 'பால்ஸ் பூட்டீக்' ஆல்பத்தைச் செய்துகொடுத்த அதே ஜோடி. இவர்களும் அந்த மரியாதையில்தான் பெயரை எடுத்திருந்தார்கள். ஆனால் பெயர் வளர வளர சட்டச் சிக்கல் வரும் போல் இருந்ததால் கைவிட்டார்கள். ஆல்பத்தின் தலைப்பே அந்தப் பழைய பெயருக்குச் சொல்லும் டாட்டாதான்.

இந்த சிடியின் பலம் அதன் முதல் பாதி. 'லீவ் ஹோம்' ஒரு குரலோடு தொடங்குகிறது. அந்தக் குரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போதே பேஸ் உள்ளே நுழைந்துவிடும். அது முடிந்ததா இல்லையா என்று யோசிப்பதற்குள் அடுத்த ட்ராக்கில் இருப்போம், அங்கிருந்து அடுத்தது. டிஜே ஒருவர் கிளப்பில் கோர்ப்பதைப் போலவே கோர்த்திருக்கிறார்கள். லண்டனில் ஆல்பனி என்ற பப்பில் 1994-ல் ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டு சுழற்றிய பழக்கம் அப்படியே தெரிகிறது. வினைலில் இந்த ஓட்டத்துக்கு நடுவே எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும், சிடியில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் ஒரு எச்சரிக்கை: கணினிக்கு மாற்றும்போது ட்ராக்குகளுக்கு இடையே நொடி இடைவெளி விழும்படி மாற்றினால் பாதி சுகம் போய்விடும்.

'சிகோஸ் குரூவ்' வரும்போது வேகம் இறங்குகிறது. 'லைஃப் இஸ் ஸ்வீட்'டில் சார்லட்டன்ஸ் குழுவின் டிம் பர்ஜெஸ் பாடுகிறார், கடைசியில் பாடகி பெத் ஆர்ட்டன் மெல்ல வந்து முடித்துவைக்கிறார். ஏற்றம், இறக்கம், பிறகு வீடு திரும்பும் நேரம். ஒரு இரவின் வடிவம் இதில் முழுசாக இருக்கிறது.

ஃபேட்பாய் ஸ்லிம் எதிர்த்துருவம். நார்மன் குக் அப்போது புதுமுகமே இல்லை. ஹவுஸ்மார்ட்டின்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், 1990-ல் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தவர். ஆக, முதல் ஆல்பம் என்பது புதுப் பெயருக்குத்தான். பிரைட்டன் நகரின் ஸ்கின்ட் நிறுவனத்துக்காக அட்டாரி கணினியையும் அகாய் சாம்ப்ளரையும் (ஒலித் துண்டுகளைப் பதிந்து திருப்பி வாசிக்கும் கருவி) வைத்துக்கொண்டு செய்தது. அதே ஊரில் ஸ்கின்ட் ஆட்கள் நடத்திய கிளப் இரவின் பெயர் 'பிக் பீட் பூட்டீக்'. அட்டையில் ஒரு ஃபிளாப்பி டிஸ்க். நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' சிங்கிளுக்கு ஃபிளாப்பி டிஸ்க் மாதிரியே செய்த உறையைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

தனித்தனியாக எடுத்தால் இதில் பல பாட்டுகள் பிரமாதம். 'எவ்ரிபடி நீட்ஸ் எ 303' என்பது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பெட்டிக்குப் பாடிய வாழ்த்து. கிடார் கலைஞர்கள் துணைக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது பயன்படட்டும் என்று 1981-ல் விற்பனைக்கு வந்து, யாரும் சீண்டாமல் சில வருடங்களில் தயாரிப்பே நின்றுபோன கருவி அது. அதன் குமிழ்களைத் திருகினால் வரும் கீச்சொலிதான் பிறகு ஆசிட் ஹவுஸையே உருவாக்கியது. ஆனால் ஆல்பத்தில் அந்தக் கீச்சொலி வந்துகொண்டே இருக்கிறது. வடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பந்தி முழுக்க வடையே வைத்தால் என்ன செய்வது? சிங்கிள்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை இது. என் கை ஏழாவது ட்ராக்கில் ரிமோட்டுக்குப் போய்விடும். குக் முழு ஆல்பம் போடக் கற்றது 1998-ல் வந்த அடுத்த ஆல்பத்தில்தான்.

'வேகஸ்' அமெரிக்கச் சரக்கு. கென் ஜோர்டன், ஸ்காட் கிர்க்லண்ட் இருவரும் லாஸ் வேகஸ்காரர்கள், வேலை செய்தது லாஸ் ஏஞ்சல்ஸில். பிரிட்டிஷ்காரர்களின் குறும்பு இதில் கிடையாது. எல்லாம் பளபளப்பு, அளந்து வைத்த சின்தசைசர், கனமான பேஸ். பெரிய ஸ்பீக்கர் இருந்தால், குறிப்பாகக் காரில், நான்கிலும் இதுதான் சத்தத்தில் ஜெயிக்கும். 'பிஸி சைல்ட்' தொடங்கியதும் கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் கொஞ்சம் இறுக்கம்.

சரி, எக்ஸிட் பிளானட் டஸ்டுக்கு உண்மையான போட்டி ப்ரொபெல்லர்ஹெட்ஸ்தான். இங்கிலாந்தின் பாத் நகர ஜோடி: அலெக்ஸ் கிஃபர்ட் பேஸும் ஹாமண்ட் ஆர்கனும், வில் வைட் டிரம்ஸ். மற்ற மூன்றிலும் பெரும்பாலும் இயந்திரம் அடிக்கிறது; இங்கே மனிதன் அடிக்கிறான். 'ஸ்பைபிரேக்'கில் பேஸ் ஓடிக்கொண்டே இருக்க, டிரம்ஸ் விலகிவிட்டு மறுபடி வந்து விழுவதைக் கவனியுங்கள். 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் நியோவும் டிரினிட்டியும் லாபியில் சுடும் காட்சிக்குப் போட்டது அதைத்தான். 'ஹிஸ்டரி ரிபீட்டிங்'கில் ஷெர்லி பாஸி. 'கோல்ட்ஃபிங்கர்' பாடிய அதே குரல், அறுபது வயதில், கொஞ்சமும் குறையாத திமிரோடு. பாண்ட் படத்தின் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' இசையை 9 நிமிடத்துக்கு மேல் இழுத்து வாசித்திருப்பதும் சலிக்கவில்லை.

ஒவ்வொரு பாட்டாக மதிப்பெண் போட்டால் இதுவே முதலிடம். ஆனால் இடையிடையே சின்னத் துணுக்குகள், ஒட்டாத திருப்பங்கள், நடுவில் ஒரு தொய்வு. இன்னொரு ஆல்பம் போட்டிருந்தால் சரிசெய்திருப்பார்கள், போடவே இல்லை. அதனால் ஒரே ஒரு சிடிக்குத்தான் காசு என்றால் எக்ஸிட் பிளானட் டஸ்ட், இரண்டுக்கு இருந்தால் கூடவே இது. மூன்றாவது, கார் வைத்திருப்பவர்களுக்கு வேகஸ். ஃபேட்பாயை ஸ்ட்ரீமிங்கில் பொறுக்கிக் கேட்டுக்கொள்ளலாம்.

ப்ரொபெல்லர்ஹெட்ஸ் வாங்கும்போது பின்னட்டையைப் பாருங்கள். பிரிட்டிஷ் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒன்றல்ல. டி லா சோலும் ஜங்கிள் பிரதர்ஸும் ராப் செய்யும் பாட்டுகள் அமெரிக்கத் தட்டில் இருக்கின்றன. விலை ஒன்றாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.