கட்டி முடித்த சிசிஜே: எந்த வழி யாருக்கு?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாத பாக்கிக்காக வரும், சிசிஜே (CCJ) என்று சொல்லப்படும் கவுண்டி கோர்ட் தீர்ப்பு உங்கள் பேரில் விழுந்திருக்கிறது. பணத்தை முழுதாகக் கட்டியும் விட்டீர்கள். ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் அது இன்னும் கட்டாத கடனாகவே நிற்கிறது. யாரிடம் போவது? ரிப்போர்ட் தயாரிக்கும் ஏஜென்சியிடம் புகார் செய், கோர்ட்டில் சான்றிதழ் வாங்கு, தீர்ப்பையே ரத்து செய், விளக்கம் எழுது, சும்மா இரு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், பணம் கட்டிய தேதியை முதலில் பாருங்கள். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டியிருந்தால் பதிவையே நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பிறகு கட்டியிருந்தால் பதிவு போகாது. 'சாட்டிஸ்ஃபைடு', அதாவது கட்டி முடிந்தது, என்ற குறிப்போடு ஆறு ஆண்டு இருக்கும். அந்த ஆறு ஆண்டும் தீர்ப்புத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். இப்போது கட்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும் என்று பயந்து கட்டாமலே இருக்கிறவர்கள் உண்டு. வீண் பயம் அது.

பெரும்பாலானவர்கள் முதலில் ஓடுவது எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று ஏஜென்சிகளிடம். செலவில்லை, ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஆனால் தீர்ப்பு விவரம் அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. கோர்ட்டிலிருந்து, ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்தும் தீர்ப்புப் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து அவர்களுக்கு வருகிறது. பதிவேட்டில் கட்டவில்லை என்று இருக்கும்வரை, உங்கள் ரசீதைப் பார்த்து ஏஜென்சி தானாக எதையும் மாற்றாது. கோர்ட் சொல்லாமல் ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட்டும் மாற்றாது. ஏஜென்சியிடம் நேராகப் போவதில் பலன் இரண்டே இடத்தில்தான். ஒன்று, பதிவேட்டில் சரியாகிவிட்டது, ஒரு ஏஜென்சியில் மட்டும் பழையபடி இருக்கிறது. இன்னொன்று, அந்தத் தீர்ப்பே உங்களுடையது அல்ல. அதே பேருள்ள வேறொருவருடையதை உங்கள் ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டார்கள்.

மற்றபடி கோர்ட்தான். பணம் கட்டியதற்குச் சான்றிதழ் கேட்கும் என்443 (N443) என்ற படிவம், ஒரு சிறு கட்டணம், பணம் கட்டியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் போட்டவரிடம் 'முழுத் தொகையும் வந்து சேர்ந்தது' என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் வேலை சுலபம். கேட்டும் தரவில்லை என்றால், கோர்ட்டே அவருக்கு எழுதிக் கேட்கும். அவர் பதில் போடாவிட்டால் அதனால் உங்கள் விண்ணப்பம் கெடாது. பணம் வந்ததைக் கோர்ட்டுக்குச் சொல்லவேண்டியது வாங்கியவர்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவருக்கு இதில் என்ன அவசரம்? நீங்களே போட்டுவிடுங்கள்.

இதற்குப் பக்கத்தில் தீர்ப்பை ரத்து செய்வதை, அதாவது 'செட் அசைட்' வாங்குவதை, வைத்துப் பார்த்தால் கவர்ச்சி அதிகம் அதற்குத்தான். வென்றால் பதிவே மறைந்துவிடும், சாட்டிஸ்ஃபைடு என்ற வடுகூட மிஞ்சாது. விலையும் அப்படி: அதற்கான என்244 (N244) படிவத்துக்கு மட்டும் 300 பவுண்டைத் தாண்டும் கட்டணம், பெரும்பாலும் நீதிபதி முன் விசாரணையும் இருக்கும். 'கட்டிவிட்டேன்' என்பது அங்கே காரணமே ஆகாது. தீர்ப்பு முறைதவறிப் பதிவானது என்று காட்டவேண்டும். இல்லையென்றால், வழக்கை எதிர்த்து ஜெயிக்க உண்மையான வாய்ப்பு இருந்தது என்றோ வேறு நல்ல காரணம் உண்டு என்றோ காட்டவேண்டும். விஷயம் தெரிந்தவுடன் விண்ணப்பித்தீர்களா என்றும் பார்ப்பார்கள். எதிர்த் தரப்பு சம்மதித்தால் கட்டணம் குறையும், ஆனால் அந்தச் சம்மதத்துக்கு நீதிபதி கட்டுப்பட்டவர் இல்லை.

என் கணிப்பு இது. வீடு மாறிப் போனதால் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய், விஷயமே தெரியாமல் தீர்ப்பாகி, பிறகு பதறிக் கட்டியவர்கள் செட் அசைட்டை யோசிக்கலாம். அதுவும் கடனையே மறுக்க ஏதாவது இருந்தால்தான் கை ஓங்கும். கடன் உண்மை, கட்டியதுதான் தாமதம் என்பவர்களுக்கு அது நஷ்ட வியாபாரம். பதிவை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் கம்பெனிகள் வலை வீசுவது இவர்களைக் குறிவைத்துத்தான். அவர்களும் போடப்போவது இதே படிவங்களைத்தான்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் 200 வார்த்தைக்குள் விளக்கக் குறிப்பு சேர்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் தருகிறது. வேலை போனது, நோய் என்று காரணத்தைச் சொல்லலாம். ஆனால் அது பதிவை மாற்றாது. குறிப்பு இருந்தால் கம்ப்யூட்டர் முடிவோடு விடாமல் ஒரு ஆள் படித்தாக வேண்டியிருக்கும் என்பதால், விண்ணப்பம் இழுக்கவும் செய்யலாம். வீட்டுக் கடனுக்குப் பரவாயில்லை, அவசரக் கடனுக்கு இடைஞ்சல்.

சும்மா இருப்பதும் எப்போதும் சோம்பேறித்தனம் இல்லை. ஆறு ஆண்டு முடிய மூன்று நான்கு மாதம்தான் பாக்கி, உடனே கடன் வாங்கும் யோசனையும் இல்லை என்றால் எதற்குக் காசு செலவழிப்பது? ஆறு ஆண்டு முடிய இன்னும் வருடக்கணக்கில் இருந்தால் என்443ஐப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து மூன்று ஏஜென்சியின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் மற்ற இரண்டிலும் மாறியிருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கடன் கொடுப்பவர் அந்த மூன்றில் எதைப் பார்ப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.